மலை வெளுக்கும் மாதம்

பயிற்சி முடித்து ஓட்டல் ரிசப்ஷனில் நீங்கள் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். "உங்கள் ஊரைப் பார்க்க நல்ல மாதம் எது?" கேட்பவர் எங்கோ கடல் தாண்டி இருந்து எழுதியிருப்பார், இல்லையென்றால் எதிரிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். நீங்களும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை" என்பீர்கள். மைசூரில் எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வெயில் அதிகம் இல்லை, குளிரும் அதிகம் இல்லை, தசரா இருக்கிறது. குறை சொல்ல முடியாத பதில். அதைத் தட்டச்சு செய்து செய்தே விரல் தேய்ந்தவள் நான். அந்தப் பதிலை நம்பி வந்த ஒரு அம்மாளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது மகாராஜா ஆண்ட காலத்தில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அன்று இந்த ஊரில் இரண்டு வாசல்தான் திறந்திருந்தது. ஒன்று டீச்சர் வேலை, இன்னொன்று நர்ஸ் வேலை. எனக்குப் பிள்ளைகள் கூட்டமும் ஆகாது, இரத்தத்தைப் பார்த்தாலும் ஆகாது. டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ஓட்டலுக்கு வந்துவிட்டேன். வீட்டில் ஒரு மாதம் யாரும் என்னோடு பேசவில்லை, அது ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரர்களும் வசதியுள்ள நம்மவர்களும் தங்குகிற பெரிய ஓட்டல் அது. எல்லாரும் என்னை மிஸ் என்று கூப்பிடுவார்கள். வேலையை விட்ட பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பெரிய பட்லர் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "வந்தவங்க முகம் வாடக் கூடாது." அதைவிட நல்ல வார்த்தை எந்தத் தொழிலிலும் கிடையாது. ஆனால் அந்த நல்ல வார்த்தை எங்கள் ஓட்டலில் வேறொன்றாக வளர்ந்துவிட்டது. விருந்தாளியிடம் 'இல்லை' என்று எவரும் சொல்வதே இல்லை. வெயில் வேண்டும் என்றால் நாளைக்கு வெயில். மழை வேண்டும் என்றால் "நாளெ மளெ பருத்தெ ஸார்", நாளைக்கு மழை வரும் ஸார். வானமே எங்கள் சமையலறையில் வேகிற மாதிரி எல்லாரும் பேசுவோம்.

ஒருமுறை ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். நல்ல மாதம் எது என்று கேட்டவருக்கு அக்டோபர் என்று எழுதினோம். அவர் வந்ததோ தூங்குவதற்கு. டாக்டர் அவரைச் சத்தமில்லாத இடமாகப் பார்த்துப் போகச் சொல்லியிருந்தாராம். வந்து இறங்கினால் தசரா! பீரங்கி, பேண்டு, யானை, தெருவெல்லாம் ஜனம். காதில் பஞ்சை வைத்துக்கொண்டே சாப்பிட்டார், காதில் பஞ்சோடேயே ரயில் ஏறினார். அன்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு மறுநாளும் அதே பதிலைத்தான் தபாலில் போட்டோம்.

அந்த அம்மாள் வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து, ஒரு டிசம்பரில். பெயர் பழனியம்மா. கணவர் பெருமாள், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் கடை வைத்திருந்த தமிழர். அவர் அங்கேயே பிறந்தவர், அவருடைய பெற்றோர் வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள். பழனியம்மா பிறந்தது இங்கே, பிளிகிரி மலைக் காபித் தோட்டத்தில். அவரைப் பெற்றவர்கள் கொள்ளேகால் தாலுகாவில் ஹனூர்ப் பக்கம் கௌதள்ளியிலிருந்து தோட்ட வேலைக்கு மலை ஏறியவர்கள். மகள் சிறுமியாக இருக்கும்போதே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எடுத்த கப்பலில் குடும்பத்தோடு ஏறிவிட்டார்கள். பெருமாள் ஐயா எங்களுக்கு முன்கூட்டியே எழுதி, மனைவியோடு மைசூர்ச் சீமையைப் பார்க்க நல்ல மாதம் எது என்று கேட்டிருந்தார். தட்டச்சு செய்த அதே பதில் போயிற்று. அவரும் அதன்படியே வந்தார்.

வந்த மறுநாள் ஓட்டல் காரில் சாப்பாட்டுக் கூடையோடு மலையடிவாரம் வரை போனார்கள். யானை நடமாட்டம், காய்ச்சல் பயம் என்று சொல்லி மேனேஜர் மலைமேல் ஏற வேண்டாம் என்றிருந்தார். கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் சாயங்காலம் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். பெருமாள் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், பிளிகிரின்னா கன்னடத்துல இன்னா அர்த்தம்?"

"வெள்ளை மலைன்னு அர்த்தம் ஸார். மேலே ஒரு வெள்ளைப் பாறை நிக்குது பாருங்க, அதனால அந்தப் பேர்."

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டியா பழனி? பாறை! கல்யாணம் ஆன நாளா நீ சொல்லிக்கினு இருந்தியே வெள்ளை வெள்ளைன்னு, அது ஒரு பாறை!"

பக்கத்து மேசைக்காரர்களும் விஷயம் புரியாமலே சிரித்தார்கள். பெருமாள் ஐயா கெட்ட மனிதர் அல்ல. கேலி செய்வது அவர் சுபாவம், என்னைப் போல. பழனியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். அர்த்தம் சொன்ன பாவத்துக்கு நானும் பின்னாலேயே போனேன்.

கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, நல்ல உயரம், கையில் உழைத்த காய்ப்பு. அத்தனை வருடம் வேறு தேசத்தில் இருந்தும் பேச்சு மட்டும் பெற்றவர்களின் கொள்ளேகால் பக்கத்துப் பேச்சாகவே இருந்தது.

"அம்மிணி, நீ படிச்ச புள்ள. அஞ்சாறு வயசுல கண்ணால பாத்தது பொய்யாப் போயிருமா?"

"எதைப் பார்த்தீங்க?"

"ஒரு நாள் பொழுது விடிஞ்சு கதவத் தொறக்கறேன். மலையே வெள்ளையாக் கெடக்குது. நேத்து வரைக்கும் பச்சையா நின்ன செடி அம்புட்டும் ஒரே ராத்திரில பூத்துப் போச்சு. எங்காத்தா என்னைத் தூக்கி இடுப்புல வெச்சுட்டு நின்னா. மல்லிகப் பந்தலுக்குள்ள நுழைஞ்சாப்புல வாசம். ரெண்டு மூணு நாளைக்குத்தான். அப்புறம் கருகிப் போச்சு."

"இதை யாரும் நம்பலையா?"

"என்ற புள்ளைகளே நம்பறதில்ல. 'அம்மாவோட பனிமலை'ன்னு பேரு வெச்சிருக்குதுக. அதுக அங்க மலைப்பக்கம் போயி நெசமான பனியப் பாத்ததுக. பனி மணக்காதும்மாங்குதுக, எந்தச் செடியும் ஒரே ராத்திரில பூக்காதும்மாங்குதுக. எங்கப்பன் ஆத்தா போய்ச் சேந்துட்டாங்க. ஆமாடின்னு சொல்ல ஒரு சீவனில்ல. இன்னிக்கு அந்தப் பாறைய நெனச்சா எனக்கே சந்தேகம் வந்துருச்சு அம்மிணி. எங்காத்தா இடுப்புல இருந்ததும் பொய்தானோ என்னமோ."

எனக்குக் கோபம் வந்தது, எங்கள் எல்லார் மேலும். இத்தனை பேர் இருக்கிறோமே, எதைப் பார்க்க வந்தீர்கள் என்று இந்த அம்மாளை ஒருவராவது கேட்டோமா? காபித் தோட்டத்துத் துரைமார்கள் வருடா வருடம் மார்ச் மாதத்தில் எங்கள் ஓட்டலில் வந்து தங்குவார்கள். சாப்பிடும்போதும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தபடிதான் சாப்பிடுவார்கள். பூ மழை என்று ஒரு மழை. அது விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே காலையில் பூத்துவிடும் என்பார்கள். மழை தவறினால் முகம் செத்துப்போய்விடும். அவர்களுக்கு விஸ்கி வைக்கச் சொல்லி அனுப்புகிற எனக்கு இது நன்றாகவே தெரியும்.

"அம்மா, நீங்க பார்த்தது நிஜம். காபி அப்படித்தான் பூக்கும். மாசம் தப்பி வந்துட்டீங்க, அஷ்டே, அவ்வளவுதான்" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் நெரியும்படியான பிடி. "அத இவியகிட்டச் சொல்லு."

சொன்னேன். பெருமாள் ஐயா காது கொடுத்துக் கேட்டார், பிறகு தலையை ஆட்டினார். "மிஸ், கோவிச்சுக்காதீங்க. இந்த ஓட்டல்ல யார் எதைக் கேட்டாலும் ஆமாங்கறீங்க. நேத்து இது கடல் மீனான்னு கேட்டேன். பட்லர் ஆமாங்கறார். நான் கடல் பக்கத்துலயே பிறந்து வளர்ந்தவன், ஏரி மீன் எனக்குத் தெரியாதா? நீங்களும் இவ முகம் வாடக் கூடாதுன்னு சொல்றீங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சர்க்கரை என்று எழுதி நக்கினால் இனிக்குமா? பழனி, மதுரை, ராமேஸ்வரம் என்று அவர்கள் கோயில் யாத்திரை போவதாக இருந்தது. அதை முடித்துக்கொண்டு நேரே பம்பாய் போகாமல் மார்ச்சில் இங்கே திரும்பி வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மனைவி கெஞ்சியதால் அவர் ஒப்புக்கொண்டார்.

மேனேஜர் காதுக்கு இது போனதும் என்னைக் கூப்பிட்டார். மைசூர்க்காரர், நல்ல குடும்பம், நயமாகத்தான் திட்டுவார். "மார்ச் மாசத்துக்கு விருந்தாளியை வரச் சொன்னீங்களாமே மிஸ்? நாமே எல்லாரையும் ஊட்டிக்கு மூட்டை கட்டி அனுப்புகிற மாசம் அது. கடைக்காரனே என் சரக்கு சொத்தைன்னு சொல்லலாமா?" என்றார். சொத்தை வேண்டும் என்று கேட்டு வந்தவருக்குச் சொத்தைதானே கொடுக்க வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. அன்று ஏதோ அடக்கிக்கொண்டேன்.

மார்ச்சில் அவர்கள் திரும்பி வந்தார்கள். மழை பிந்தியதால் அந்த வருடம் துரைமார்கள்கூடத் தோட்டத்தை விட்டு இறங்கவில்லை, ஓட்டல் வெறிச்சோடிக் கிடந்தது. காற்றே இல்லை, மரங்களில் ஒரு இலை அசையவில்லை. மாதக் கடைசியில் பம்பாயிலிருந்து அவர்கள் கப்பல், அதை விட்டால் அடுத்தது ஒரு மாதம் தள்ளி. மழையைக் காணோம்.

எங்கள் ஆட்கள் தங்கள் வேலையை ஆரம்பித்தார்கள். காபி கொண்டுபோகிறவர், படுக்கை விரிக்கிறவர், தோட்டக்காரர், டிரைவர், எல்லார் வாயிலும் ஒரே பாட்டு. "நாளெ மளெ பருத்தெ அம்மா." பழனியம்மா முதல் சில நாள் அதை நம்பி விடியற்காலையில் எழுந்து வராந்தாவில் நின்றார். பெருமாள் ஐயாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. காலைச் சாப்பாட்டில் பட்லரைப் பார்த்து "நாளெ?" என்பார். பட்லர் குனிந்து "பருத்தெ ஸார்" என்பார். உடனே மனைவி பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. நாங்கள் சொல்லிய ஒவ்வொரு 'நாளெ'யும் பொய்யாகப் போகப் போக, அந்த அம்மாளுடைய பேச்சும் சேர்ந்து பொய்யாகிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கணவர் சிரித்தால் தானும் கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் மைசூரில் மழை கொட்டியது. சமையல்காரர் முதல் மேனேஜர் வரை ஆளுக்கு ஆள் வாழ்த்துச் சொன்னார்கள். பஜ்ஜி போட்டார்கள். ஆனால் ஊரில் பெய்த மழை மலையில் பெய்ததாகிவிடுமா? மறுநாள் காலை டிரைவரை மலைப்பக்கம் அனுப்பினோம். மத்தியானம் தாண்டி அவர் திரும்பினார். வாசற்படியிலேயே நின்றிருந்த பழனியம்மாவைப் பார்த்து, "மலையிலெ ஜோர் மளெ அம்மா!" என்றார்.

மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒரு வாரம், பத்து நாள் இருங்கள். கப்பலை விடுங்கள், அது என்ன பெரிய கப்பல்!" என்றார். பழனியம்மா முகம் மலர்ந்துபோயிற்று. பெருமாள் ஐயா என்னிடம் வந்தார். "மிஸ், டிக்கெட்டை மாத்தணும்னா இன்னிக்கே பம்பாய்க்குத் தந்தி போகணும். இல்லைன்னா ராத்திரி ரயிலைப் பிடிக்கணும். அடிக்கலாமா?"

தந்தித் தாளை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே கார் பக்கம் போனேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரிக்கவே தேவைப்படவில்லை. கார் முழுக்கப் புழுதி. சக்கரத்தின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரமண் இல்லை. மழை பெய்த மலையடிவாரத்துச் சிவப்பு மண்ணில் போன கார் அப்படித் திரும்பாது.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அடிவாரத்துக் கடைக்காரன் மேலே மோடமா, மேகமா இருந்துதுன்னான் மிஸ். மோடம் இருந்தா மளெ இருக்கும்தானே? இந்த அம்மா வாசல்லயே நிக்கறாங்க. இல்லைன்னு ஹேகெ ஹேளலி? எப்படிச் சொல்றது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் பழக்கிய வாய்தானே அது. ஆனால் அங்கே காரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கணக்குப் போட்டேன். மழை பெய்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் கப்பல் போய்விடும். பத்து நாள் கழித்து மலை பச்சையாகவே நிற்கும். அப்புறம் அந்த அம்மாள் சாகிற வரைக்கும் அந்த வீட்டில் வாயைத் திறக்க முடியாது. பெய்யவில்லை என்று சொன்னாலோ இன்றைக்கே மூட்டை கட்டுவார்கள், பார்க்காமலே போவார்கள். இரண்டு பக்கமும் அவருக்கே இழப்பு. மேனேஜரை விருந்தாளி முன்னால் பொய்யராக்கினால் எனக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்பது வேறு.

உள்ளே போனேன். வேகமாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், மெதுவாகச் சொன்னால் சர்க்கரை சேர்ந்துவிடும்.

"ஸார், மலையில மழை பெய்யல. காரெல்லாம் புழுதி. இனிமே பெய்யுமா, எப்போ பெய்யும், எனக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். டிரைவர் தரையைப் பார்த்தார். பழனியம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்பச் சாதாரணமான குரலில், "பொட்டியக் கட்டலாமுங்க" என்றார் கணவரிடம்.

பெருமாள் ஐயா வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். குனிந்து சக்கரத்தைத் தடவினார், விரலைப் பார்த்தார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

"இந்த ஓட்டல்ல இத்தனை நாள்ல 'இல்லை'ன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான், மிஸ்."

"ஆமாம் ஸார்."

"டிசம்பர்ல இவ பார்த்தது நிஜம்னு சொன்னதும் நீங்கதானே?"

"நான்தான்."

அவர் மனைவியைப் பார்த்தார். கேலி ஏதும் இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "தந்தி அடிங்க. கப்பல் போகட்டும்."

"ஏனுங்க, மழையே பெய்யலீன்னா?" என்றார் பழனியம்மா.

"பெய்யலேன்னா அடுத்த கப்பல் வரைக்கும் இவங்க ஏரி மீனைத் தின்னுக்கினு கிடப்போம், வா."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கப்பல் போனது. மழை வரவில்லை. மேனேஜர் என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் எதற்கோ ஜெபம் செய்ய, நான் காபிச் செடிக்காக முழங்காலில் நின்றேன். ஒன்று மட்டும் செய்தேன். ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு, இனிமேல் அந்த அம்மாளிடம் எவரும் 'நாளெ' என்று சொல்லக் கூடாது என்றேன். மறுநாள் காலை பெருமாள் ஐயா வழக்கம்போல "நாளெ?" என்றார். பட்லர் விளக்கெண்ணெய் குடித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "கொத்தில்லா ஸார்" என்றார். தெரியாது என்று அவர் ஒரு விருந்தாளியிடம் சொன்னது அவர் ஆயுளிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பெருமாள் ஐயா எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழனியம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு ஒரு மத்தியானம் தெற்கே வானம் கறுத்தது. மைசூரில் சொட்டு விழவில்லை, இடி மட்டும் கேட்டது. மறுநாள் காலை யாரையும் அனுப்பவில்லை. நாங்களே போனோம், அவர்கள் இருவரும் நானும். மலைக்குக் கீழே இருக்கிற எளந்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கார் சிவப்புச் சேற்றில் இறங்கி அச்சு வரை மாட்டிக்கொண்டது. டிரைவர் ஐயோ அப்பா என்று அலறினார். பழனியம்மா கதவைத் திறந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் சேற்றில் நின்று சிரித்தார். அந்தச் சேற்றைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

பாடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், மலைக்குப் போன பிறகு எனக்குப் பாடம் சொல்ல வராது. நல்ல மாதம் எது என்று யாராவது கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். தூங்க வருபவருக்குத் தசரா கெட்ட மாதம். பூப்பார்க்க வருபவருக்கு ஊரே ஓடுகிற வெயில்தான் நல்ல மாதம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. தெரியாததைத் தெரியாது என்றும், இல்லாததை இல்லை என்றும் சொல்லுங்கள். முகம் வாடும், வாடட்டும். நாம் சொல்கிற 'ஆமாம்' ஒரு நாள் யாருக்காவது தேவைப்படும். அன்றைக்கு அது செல்லுபடியாக வேண்டுமென்றால், அதற்கு முன்னால் நாம் 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு தோட்டத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். "நீயும் வா அம்மிணி, நீயில்லாம நான் போகமாட்டேன்" என்று பழனியம்மா ஒற்றைக் காலில் நின்றார். மேனேஜரே லீவு கொடுத்தார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. அடிவாரம் வரை கார், அதற்கு மேல் தோட்டத்து மாட்டு வண்டி. பொழுது சாயும்போது மேலே போய்ச் சேர்ந்தோம். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை தன் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். செடிகளில் கிளைதோறும் விறைத்த மொட்டுகள். பெருமாள் ஐயா ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்றார்.

காலையில் முதலில் எழுந்தவர் பழனியம்மாதான். அவர் தாழ்ப்பாளை எடுக்கும் சத்தத்தில் நாங்கள் இருவரும் எழுந்தோம். கதவைத் திறப்பதற்கு முன்பே வாசம் உள்ளே வந்துவிட்டது.

வாசலுக்கு வெளியே, நிழல் மரங்களுக்கு அடியில், சரிவு இறங்கிப் பள்ளத்தாக்கு தாண்டி எதிர்ச் சரிவு ஏறுகிற வரைக்கும் வெள்ளை. கிளை தெரியவில்லை, இலை பாதி தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் தேனீச் சத்தம். ஊர் ஊராக எத்தனையோ பேருக்கு எந்த மாதம் வரலாம் என்று எழுதியவள், பக்கத்திலேயே இருந்த இதை அன்றுவரை நான் பார்த்ததில்லை.

பழனியம்மா வாசற்படியிலேயே வெகுநேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்குமிங்கும் அளப்பது போலப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு கணவர் பக்கம் திரும்பினார்.

"நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிட்டனாட்ட இருக்குதுங்க. சின்னப் புள்ளக் கண்ணு பாருங்க, அப்ப இன்னும் பெருசாத் தெரிஞ்சிருக்குது."

பெருமாள் ஐயா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படியிறங்கிச் செடிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போய் நின்றார். சட்டையெல்லாம் பூ. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"இல்ல பழனி. நீ கொறைச்சுத்தான் சொல்லியிருக்கே."